ஷாட்கன் ட்யூபில் எத்தனை வேண்டும்: 5 போதுமா, 8 வேண்டுமா?

புறாக்காரன்:
வாட்ஸப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. நம்மவர்தான், ஹூஸ்டன் பக்கம். "செமி ஆட்டோ ஷாட்கன் எடுத்தால் எட்டு ஷெல் பிடிக்கிற ட்யூப் எடு, ஐந்தெல்லாம் பொம்மைத் துப்பாக்கி" என்று அடித்துச் சொல்கிறார். (செமி ஆட்டோ என்றால் ஒருமுறை சுட்டதும் அடுத்த ஷெல்லைத் தானே ஏற்றிக்கொள்வது. ஷெல் என்றால் தோட்டா. ட்யூப் என்றால் குழலுக்குக் கீழே ஷெல் வரிசையாக நிற்கிற மேகசின்.) கீழே வரிசையாகக் கட்டைவிரல். பார்த்து எரிச்சல்தான் வந்தது. டெக்சஸில் எனக்குத் தெரிந்த நம் ஆட்கள் பெரும்பாலும் செப்டம்பர் 1 புறா சீசனுக்காகத்தான் ஷாட்கன் வாங்குகிறார்கள். புறா வலசைப் பறவைக் கணக்கில் வரும். அதற்குத் துப்பாக்கிக்குள் மொத்தம் 3 ஷெல்தான். மத்திய அரசு விதி, 1935லிருந்தே இருக்கிறது. எட்டு பிடிக்கிற ட்யூபைக் காசு கொடுத்து வாங்கி, உள்ளே குச்சியைச் செருகி மூன்றாக்குவதற்கு எதற்கு அத்தனை நீளம், அத்தனை எடை? மொத்தம் 5 பிடிக்கிற சாதாரண ஃபீல்டு கன் போதும். பிளக் (அந்தக் குச்சிதான்) போட்டால் 3, எடுத்தால் 5.

டல்லாஸ் துரை:
//மொத்தம் 5 பிடிக்கிற சாதாரண ஃபீல்டு கன்//

5 அல்ல, 4. சேம்பரில் (குழலின் பின்முனையில், சுடத் தயாராக ஒரு ஷெல் உட்காருகிற இடம்) இருப்பது மேகசினில் இருப்பதாகாது. நீங்கள் தலைப்பு வைத்ததே ட்யூபைப் பற்றி. முதலில் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் அடுத்தவர் வீடியோவைக் குறை சொல்லலாம்.

புறாக்காரன்:
"மொத்தம்" என்று எழுதியிருக்கிறேன் சார். ட்யூபில் 4, சேம்பரில் 1, மொத்தம் 5. இதில் எண்ணத் தெரியாதது எங்கே வந்தது?

டல்லாஸ் துரை:
பெட்டியில் 4+1 என்று போட்டிருப்பான். நடுவில் கூட்டல் குறி எதற்கு இருக்கிறது? தனித்தனி என்று காட்டத்தான். நான் ரேஞ்சில் சேஃப்டி ஆபீசராக நிற்கிறவன். கடைக்காரரிடம் போய் "ஐந்து பிடிக்கிற ட்யூப் கொடு" என்றால் ட்யூபில் மட்டும் ஐந்து பிடிக்கிறதைத்தான் எடுத்து வைப்பார். உங்கள் பதிவை நம்பிப் போகிற புதுப் பையன் தவறான துப்பாக்கியோடு வீட்டுக்கு வருவான். பொறுப்பு யாருடையது?

புறாக்காரன்:
அப்படியென்றால் ஜான் பிரவுனிங்கும் பொறுப்பில்லாதவர்தான். செமி ஆட்டோ ஷாட்கனில் முதலில் வெற்றி பெற்றது அவருடைய ஆட்டோ-5. 1900இல் காப்புரிமை. பெயரிலேயே 5 இருக்கிறது. ட்யூபில் 4, சேம்பரில் 1. நூறு வருடத்துக்கு மேலாக எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு மட்டும் கூட்டல் குறி கண்ணில் குத்துகிறது.

டல்லாஸ் துரை:
அது விற்பதற்கு வைத்த பெயர். அதோடு வரலாறு பேசுவதென்றால் முழுதாகப் பேசுங்கள். வின்செஸ்டர் ராயல்டி தர மறுத்தது. ரெமிங்டனிடம் போனார், காத்திருக்கும் நேரத்திலேயே அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோனார். அப்புறம்தான் பெல்ஜியத்தில் எஃப்என் கம்பெனி. 1902. இதே துப்பாக்கியை ரெமிங்டன் பிற்பாடு செய்தபோது மாடல் 11 என்று பெயர் வைத்தது. அப்போது அதில் 11 ஷெல் போகுமா? பெயரை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். மேகசின் என்றால் 4.

மூர்லேண்ட் முருகன்:
யார்க்‌ஷயரிலிருந்து ஒரு தகவல். 1987இல் ஹங்கர்ஃபோர்டில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, 1988இல் இங்கே சட்டத்தை மாற்றினார்கள். சாதாரண ஷாட்கன் சான்றிதழில் செமி ஆட்டோ வைத்துக்கொள்ளலாம், ஆனால் மேகசினில் இரண்டுக்கு மேல் போகக் கூடாது, மேகசின் கழற்றுகிற மாதிரியும் இருக்கக் கூடாது. பிளக் குச்சியெல்லாம் இங்கே செல்லாது. ட்யூபை நிரந்தரமாக நெளித்து, சோதனைச் சாலையின் சான்றும் முத்திரையும் வாங்க வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு சான்றிதழ், எதற்கு என்று போலீசுக்குக் காரணமும் சொல்ல வேண்டும். நான் 2+1 வைத்துத்தான் வயல்களில் மரப்புறா சுடுகிறேன். குறையாகத் தெரிந்ததில்லை.

டல்லாஸ் துரை:
பார்த்தீர்களா புறாக்காரரே! பிரிட்டிஷ் சட்டம் மேகசினை மட்டும் எண்ணுகிறது. சேம்பரை எண்ணவில்லை. நன்றி முருகன், வழக்கை முடித்து வைத்தீர்கள்.

மூர்லேண்ட் முருகன்:
நான் எந்த வழக்கையும் முடிக்கவில்லை. இரண்டு போதும் என்றேன்.

புறாக்காரன்:
புறா சுடுவது டெக்சஸில், சட்டம் மட்டும் யார்க்‌ஷயரிலிருந்தா? இங்கே கேம் வார்டன் (வேட்டை விதிகளைக் கண்காணிக்கிற அதிகாரி) வயலுக்கு வந்தால் என்ன செய்வார் தெரியுமா? துப்பாக்கியை வாங்கிச் சேம்பரைக் காலி செய்வார். ட்யூபுக்குள் ஒவ்வொரு ஷெல்லாகக் கட்டைவிரலால் தள்ளுவார். ஒன்று போகும், இரண்டு போகும், மூன்றாவதை அழுத்தும்போது பாதியில் நிற்க வேண்டும். 'க்ளிக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தால் டிக்கெட். ஏன் இரண்டோடு நிற்க வேண்டும்? சேம்பரில் ஒன்று என்று சேர்த்து எண்ணுவதால்தான். ஆக, சட்டமே சேம்பரை எண்ணுகிறது.

டல்லாஸ் துரை:
ட்யூபில் எத்தனை போகிறது என்றுதானே அழுத்திப் பார்க்கிறார்? நீங்களே சொல்கிறீர்கள். மேகசின் வேறு, சேம்பர் வேறு.

குவாட்லோடு குமார்:
இரண்டு பேரும் ஆட்டத்தையே பார்க்காமல் ஸ்கோர்போர்டுக்குச் சண்டை போடுகிறீர்கள். 3-கன் போட்டிக்கு (கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் மூன்றிலும் சுடுவது) வந்து பாருங்கள். நான் போகிற போட்டியில் தொடக்கத்தில் துப்பாக்கிக்குள் 9 வரை வைக்கலாம், அதனால் 8 ட்யூப். அதற்கு மேல் ஒரே கைப்பிடியில் நான்கு ஷெல்லை உருவி, இரண்டிரண்டாகத் தள்ளுகிற வேகம்தான் ஜெயிக்கிறது. வீடியோக்காரர் சொன்னது போட்டிக்குச் சரி. பொம்மை என்று சொன்னது வாய்க்கொழுப்பு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், ட்யூபை நீளமாக்குகிற எக்ஸ்டென்ஷன் போட்டால் எடை முழுக்க முன்பக்கம் போய்விடும். ஒரு 12 கேஜ் ஷெல் 40, 50 கிராம் வரும். எட்டும் நிரம்பியிருக்கும்போது மூக்கு கனக்கும், சுடச் சுட பேலன்ஸ் பின்னுக்கு வரும். புறா மாதிரி திசை மாறி மாறிப் பறக்கிறதுக்கு அது தொல்லை.

டல்லாஸ் துரை:
9 என்று சொல்லும்போதாவது 8+1 என்று எழுதுங்கள் குமார். அப்புறம் நீங்கள் வைத்திருப்பது பெனெல்லி எம்2, இனெர்ஷியா. அதில் கனமான எக்ஸ்டென்ஷனைத் தொங்கவிட்டால் துப்பாக்கி பின்னால் உதைகிற வேகம் குறையும். அந்த உதையில்தான் அடுத்த ஷெல்லை ஏற்றுகிற போல்ட்டே ஓடுகிறது. லைட் லோடு போட்டால் தொண்டையில் சிக்கும். இதற்குத்தான் வெடிவாயுவின் அழுத்தத்தில் ஓடுகிற கேஸ் துப்பாக்கி எடுங்கள் என்று போன வருடம் சோக் (குழலின் வாயைக் குறுக்குகிற பாகம்) இழையிலேயே சொன்னேன்.

குவாட்லோடு குமார்:
போன வருடச் சோக் இழையில் நீங்கள் சொன்னது, மிகக் குறுகலான ஃபுல் சோக்கில், கிட்டத்தில் பறக்கிற தட்டைச் சுடுகிற ஸ்கீட் சுடலாம் என்று. அதை மறந்துவிட்டு இதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். என் எம்2 நல்ல லோடில் தடுமாறாமல் ஓடுகிறது. உங்கள் கேஸ் துப்பாக்கியில் பிஸ்டனைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்?

டல்லாஸ் துரை:
ஃபுல் சோக் பற்றி நான் சொன்னது வேறு சந்தர்ப்பத்தில். இழையைத் திசை திருப்பாதீர்கள். பிஸ்டன் சுத்தமாகத்தான் இருக்கிறது.

சிட்னி செல்வி:
ஒரு சின்னக் கேள்வி. 4 என்கிறீர்கள், 5 என்கிறீர்கள், எந்த நீள ஷெல்லுக்கு? 2¾ அங்குலத்தில் நான்கு போகிற ட்யூபில் 3 அங்குலம் போட்டால் பெரும்பாலும் மூன்றுதான் போகும். 3½ என்றால் இன்னும் குறையும். பெட்டியில் போட்டிருக்கிற நீளமும் சுட்டு முடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். அதைச் சொல்லாமல் எண்ணிக்கைக்கு அடித்துக்கொள்வதில் என்ன பயன்? இங்கே 1996இல் போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு வந்த ஒப்பந்தத்தில், ஐந்து வரை பிடிக்கிற செமி ஆட்டோ 'சி' பிரிவு, அதற்கு மேல் 'டி'. 'சி' கிடைப்பதே விவசாயிக்கும் சில தட்டுச் சுடும் போட்டியாளர்களுக்கும்தான். நான் இரட்டைக் குழலோடு நிம்மதியாக இருக்கிறேன்.

டல்லாஸ் துரை:
தங்கச்சி, ஷெல் நீளம் அடுத்த பாடம். முதலில் சேம்பரை எண்ணலாமா கூடாதா என்று முடியட்டும்.

சிட்னி செல்வி:
நான் உங்களுக்குத் தங்கச்சி இல்லை. ஆண்கள் யாரையும் "தம்பி" என்று கூப்பிடாமல் "குமார்", "முருகன்" என்கிறீர்கள், எனக்கு மட்டும் எங்கிருந்து உறவு முளைத்தது? பாடமும் வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

டல்லாஸ் துரை:
மரியாதையாகத்தான் சொன்னேன். இந்தக் காலத்தில் மரியாதையும் குற்றம். சரி, செல்வி மேடம். உங்கள் ஊர்ச் சட்டமும் மேகசினைத்தானே எண்ணுகிறது? ஐந்து என்றால் 5+1. மறுபடியும் சேம்பர் கணக்கில் இல்லை. மூன்று நாட்டில் இரண்டு என் பக்கம்.

சும்மா வந்தேன்:
பாப்கார்னோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சந்தேகம். 1¾ அங்குல மினி ஷெல் விற்கிறார்களே. பிளக் போட்டு 2¾ இரண்டு மட்டும் போகிற ட்யூபில் மினி மூன்று போய்விடாதா? 1¾ மூன்று முறை, 5¼. 2¾ இரண்டு முறை, 5½. வார்டன் மினி ஷெல்லோடு வந்தால் புறாக்காரர் ஜெயிலா? :-)

புறாக்காரன்:
மினி ஷெல் செமி ஆட்டோவில் ஒழுங்காக ஓடவே ஓடாது. கலகம் மூட்டத்தான் வந்திருக்கிறீர்கள்.

டல்லாஸ் துரை:
இந்தக் கேள்விக்கும் நான் சொன்னதுதான் பதில். ட்யூபை எண்ணுங்கள், சேம்பரை விடுங்கள்.

சும்மா வந்தேன்:
அது எப்படி இந்தக் கேள்விக்குப் பதிலாகும்?

குவாட்லோடு குமார்:
எல்லாக் கேள்விக்கும் அதுதான் பதில். மனைவி காபி கேட்டாலும் "சேம்பரை விடு" என்பார்.

டல்லாஸ் துரை:
குடும்பத்தை இழுக்க வேண்டாம் குமார். மட்டுறுத்துநர் கவனத்துக்கு.

மூர்லேண்ட் முருகன்:
வீட்டுப் பாதுகாப்புக்கென்று வாங்குகிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? அமெரிக்காவில் அதற்காக எட்டு வாங்குகிறார்கள் என்று படித்தேன்.

குவாட்லோடு குமார்:
வாங்குகிறார்கள். நிறைய ஷெல் திணித்து மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பார்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் பிளாஸ்டிக் உறை நசுங்கிப் போகும், எடுக்கும்போது சிக்கும். அமெரிக்க மரைன் படையினர் எம்1014 என்று எடுத்துக்கொண்ட அந்த பெனெல்லி எம்4, கடைக்கு இறக்குமதியாகிவந்தது 5 ட்யூபோடுதான். 7 ட்யூபுக்கு மாற்றினால் இறக்குமதி உதிரிபாகக் கணக்கு என்று தனி விதி இருக்கிறது. அதைப் படிக்காமல் ட்யூபை மட்டும் வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு.

புறாக்காரன்:
என் இழை புறாவுக்கு. வீட்டுப் பாதுகாப்புக்குத் தனி இழை போடுங்கள்.

டல்லாஸ் துரை:
எல்லாப் பறவைக்கும் 3 என்பதும் தவறு, யாரும் கவனிக்கவில்லை. ஆர்கன்சாவில் வசந்தத்தில் ஸ்னோ கூஸ் பெருகிப் போனதற்கென்று விடுகிற தனி அனுமதியில் பிளக்கை எடுத்துவிட்டே சுடலாம். அப்போது எட்டு ட்யூப் வேண்டாமா? வாத்துக் கூட்டம் தலைக்கு மேலே இறங்கும்போது உங்கள் "5" எங்கே போகும்?

புறாக்காரன்:
எல்லாப் பறவைக்கும் என்று நான் எங்கே எழுதினேன்? புறா என்றுதானே இருக்கிறது? கூஸுக்குப் போகும்போது கடன் வாங்கிக்கொள்கிறேன். அதோடு "உங்கள் 5" என்று நீங்களே 5 என்றுதான் எழுதுகிறீர்கள் சார்!

டல்லாஸ் துரை:
மேற்கோள் குறிக்குள் போட்டேன். கண்ணாடி மாற்றுங்கள்.

சிட்னி செல்வி:
எந்த நீள ஷெல் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

டல்லாஸ் துரை:
புறாக்காரர் முதல் பதிவில் 5 என்பதை 4+1 என்று திருத்தட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

புறாக்காரன்:
திருத்த மாட்டேன். "மொத்தம்" என்று எழுதியிருக்கிறேன்.

டல்லாஸ் துரை:
அப்படியென்றால் நான் தனி இழை தொடங்குகிறேன். தலைப்பு: சேம்பரை எண்ணாதீர். அங்கே சோக் பற்றி யாரும் பேசக் கூடாது.

குவாட்லோடு குமார்:
முதல் பின்னூட்டம் என்னுடையது. ஃபுல் சோக் பற்றி.