தாராவி ரீடெவலப்மென்ட்: இப்பவே எழுதிக் குடுத்துட்டு ஊருக்குப் போறதா, காத்திருக்கிறதா?

90ஃபீட்ரோடு_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா திருநெல்வேலி பக்கத்துல இருந்து தோல் பதனிடுற வேலைக்கு பம்பாய் வந்தவர், அப்பா பிறந்ததே தாராவில தான். 90 ஃபீட் ரோட்டுக்கு உள்ள ஒரு சந்துல கீழ ஒரு கோலி (ஒத்த ரூம் வீடு), மேல ஒரு மாலா (மேல்மாடி ரூம்). கீழ அப்பா அம்மா, மேல அண்ணன் குடும்பம், நான் வேலைக்காக புனேல இருக்கேன். இப்ப ஒரு ஏஜென்ட் அடிக்கடி வீட்டுக்கு வந்து மேல்மாடிக்கு ஒண்ணும் கிடைக்காது, கீழ உள்ளதும் எப்ப கைக்கு வரும்னு சொல்ல முடியாது, ரெண்டையும் சேத்து நோட்டரி பேப்பர்ல எழுதிக் குடுங்க ரொக்கமா தர்றேன்னு அப்பா மனச கரைச்சிட்டு இருக்கார். அப்பா வித்துட்டு ஊருக்கே போயிடலாம்ங்கறார், அண்ணன் கூடவே கூடாதுங்கறான், வீட்டுல தினம் சண்டை. 2004ல இருந்து தாராவிய இடிச்சு புதுசா கட்டப் போறோம் கட்டப் போறோம்னு கேட்டுக் கேட்டு பழகிட்டோம், இந்த தடவையாவது நிஜமா நடக்குமா? நடந்தா, பதிலுக்கு குடுக்கிறதா சொல்ற அந்த 350 சதுர அடி வீட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாஹிம்_ரவி:
தம்பி நான் மும்பைல கட்டுமான லைன்ல ரொம்ப வருஷமா இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன். இந்த தடவை நடக்கும்னு தான் நினைக்கிறேன். 2018 டெண்டர்ல துபாய் கம்பெனி ஒண்ணு 7,200 கோடிக்கு ஜெயிச்சுது, அப்புறம் ரயில்வே நிலம் சேர்க்கணும்னு சொல்லி அரசே அத கேன்சல் பண்ணிடுச்சு. 2022 நவம்பர்ல அதானி குரூப் 5,069 கோடிக்கு எடுத்தாங்க, இதுக்காக ஆரம்பிச்ச கம்பெனில அவங்க 80 சதவீதம், மகாராஷ்டிரா அரசு 20 சதவீதம். யாருக்கு வீடு தரணும்னு வீடு வீடா கணக்கெடுக்கிற சர்வே 2024 மார்ச்ல ஆரம்பிச்சுது, மாஸ்டர் பிளானுக்கு 2025 மே மாசம் ஒப்புதல் குடுத்துட்டாங்க. இவ்வளவு தூரம் முன்னாடி எப்பவும் வந்ததே இல்ல.

ஏன் இவ்வளவு ஆர்வம்னா இடம் தான் காரணம். மீட்டி ஆத்துக்கு அந்தப்பக்கம் பிகேசி (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்), நாட்டுலயே ஆபீஸ் வாடகை அதிகமான இடங்கள்ல ஒண்ணு. இந்தப்பக்கம் மாஹிம், சயான், மாட்டுங்கா ஸ்டேஷன் எல்லாம் நடந்து போற தூரம், இப்ப மெட்ரோ 3லயும் தாராவிக்கு ஸ்டேஷன் வந்துடுச்சு. சுமார் 600 ஏக்கர், மும்பை நடுவுல இவ்வளவு பெரிய நிலம் ஒரே கைல வேற எங்க கிடைக்கும்? அதுக்கு மேல டிடிஆர்னு ஒண்ணு இருக்கு, ஒரு இடத்துல கட்டாம விட்ட கட்டுமான உரிமைய வேற இடத்துக்கு மாத்துறது. ஏர்போர்ட் பக்கம்ங்கறதால தாராவில இஷ்டத்துக்கு உயரமா கட்ட முடியாது, அந்த கட்டாத உரிமைய சிட்டில மத்த பில்டர்களுக்கு விக்கலாம், அவங்க வாங்குற டிடிஆர்ல 40 சதவீதம் முதல்ல தாராவில இருந்துதான் வாங்கணும்னு ரூலே போட்டுட்டாங்க. அதனால பிளாட் விக்கிறதுக்கு முன்னாடியே வரும்படிக்கு வழி இருக்கு.

அப்பாவுக்கு சொல்லுங்க, கீழ் வீடு 2000 ஜனவரி 1க்கு முன்னாடி உள்ளதுன்னு பேப்பர் இருந்தா 350 சதுர அடி தாராவிக்குள்ளயே இலவசம். வழக்கமான எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வு திட்டம்) வீட்ட விட 50 அடி அதிகம். அந்த ஏஜென்ட் தர்ற ரொக்கம் இதுக்கு கிட்டக்கூட வராது. அவசரமா விக்காதீங்க.

சயான்_செல்வி:
ரவி அண்ணா சொன்னது கீழ் வீட்டுக்கு சரி. ஆனா இந்த தம்பி கேட்டதுல பாதி மாலா பத்தி, அத நீங்க தொடவே இல்ல. தாராவில பாதி ஜனம் மேல தான இருக்கு? மேல்மாடில இருக்கவங்களுக்கு தாராவிக்குள்ள வீடு கிடையாது. 2022 நவம்பர் 15க்கு முன்னாடி இருந்து இருக்கோம்னு காட்டுனா வெளிய எங்கயாவது வாடகைக்கு குடுத்து, தவணை கட்டி சொந்தமாக்கிக்கலாம்ங்கறாங்க. கீழ் வீடே ஆனாலும் 2000க்கும் 2011க்கும் நடுவுல வந்தவங்களுக்கு 300 அடி, அதுவும் வெளிய தான், இரண்டரை லட்சம் கட்டணும்.

அந்த "வெளிய" எதுன்னு பாருங்க. முலுண்ட், பாண்டூப், கஞ்சூர்மார்க் உப்பளம், அப்புறம் தேவ்னார் குப்பைமேடு, 1927ல இருந்து ஊரு குப்பைய கொட்டுற இடம். மும்பையே மூழ்குன 2005 ஜூலை 26 மழைய பாத்த யாரும் உப்பளத்துல வீடு கட்டுறத நெனச்சு நிம்மதியா தூங்க மாட்டாங்க. மும்பைல மாஹுல்ங்கற இடத்துல ரிஃபைனரி பக்கத்துல கொண்டுபோய் குடி வச்ச ஜனம் உடம்பு கெட்டு, கடைசில ஹைகோர்ட் தான் வேற வீடு குடு இல்லனா வாடகை குடுன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. எஸ்ஆர்ஏல சாதாரணமா 51 சதவீதம் பேர் சம்மதிக்கணும், தாராவிக்கு அதுவும் வேண்டாம்னு எடுத்துட்டாங்க. இதெல்லாம் தெரிஞ்சும் "ப்ராஜெக்ட் நல்லா வரும்"னு மட்டும் பேசுறது எனக்கு பிடிக்கல. அண்ணன் பிள்ளைங்க இங்க தமிழ் ஸ்கூல்ல படிக்குதுங்களா தம்பி? முலுண்ட் போனா தினமும் ட்ரெயின்ல தான் வரணும்.

தையல்_காலா:
வீட்ட பத்தியே பேசுறீங்க, வேலைய யாரு பேசுறது. எனக்கு ரெண்டு மாடி காலா (சின்ன பட்டறை), கீழ கட்டிங், மேல மெஷின், ராத்திரி பசங்க அங்கயே படுத்துக்குவானுங்க. 225 அடி வரைக்கும் இலவசமாம், அதுக்கு மேல வேணும்னா காசு. என் மெஷினே அதுல அடங்காது. தோல், பிளாஸ்டிக் உருக்குற வேலை எல்லாம் மாசுன்னு வெளிய அனுப்பிடுவாங்க போல. காலைல நாலு மணிக்கு இட்லி அவிச்சு சைக்கிள்ல கட்டிட்டு கிளம்புற நம்ம ஊர்க்காரங்க பதினஞ்சாவது மாடில இருந்து எப்படி யாவாரம் பண்ணுவாங்க? தாராவில வீட்டு வாடகை, கடை வாடகை, சம்பளம் எல்லாம் ஒரே சந்துல சுத்துது, அத பிரிச்சா 350 அடி கிடைச்சும் கைல காசு இருக்காது.

மாஹிம்_ரவி:
செல்விம்மா, அண்ணே, நீங்க சொல்றத மறுக்கல. நிலத்துக்கு நல்ல காலம்னா அங்க இருக்கவங்களுக்கும் நல்ல காலம்னு அர்த்தம் இல்ல தான். ஆனா மழைக்காலத்துல அந்த சாக்கடை தண்ணில, நூறு பேருக்கு ஒரு கக்கூஸ்னு அப்படியே இருக்கணும்னும் என்னால சொல்ல முடியல. கட்டட்டும், மேல்மாடிக்காரங்களையும் அங்கயே வச்சு கட்டுங்கன்னு கேக்கணும். விக்கிறதுக்கு அவ்வளவு மாடி கட்ட இடம் இருக்குன்னா இதுக்கும் இருக்கணும்.

90ஃபீட்ரோடு_பையன்:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. பசங்க இங்க தான் படிக்கிறாங்க. அப்பா பேர்ல 1995 வோட்டர் லிஸ்ட்டும் பழைய கரண்ட் பில்லும் இருக்கு. அண்ணன் பேர்ல ஆதார் தவிர எதுவும் இல்ல, மேல தனி மீட்டரும் இல்ல. சர்வேக்காரங்க வந்தப்ப கதவு பூட்டி இருந்துச்சாம்.

சயான்_செல்வி:
அதான் முதல் வேலை தம்பி, மத்த பேச்செல்லாம் அப்புறம். சர்வே ஆபீஸ்ல எழுத்துல மனு குடுத்து மேல தனி குடும்பம்னு பதிய சொல்லுங்க, ரிசீட் வாங்காம வராதீங்க. அண்ணன் பிள்ளைங்க ஸ்கூல் சர்டிபிகேட், ரேஷன் கார்டு, கேஸ் புக், பேங்க் பாஸ்புக், அந்த அட்ரஸ்ல எது இருந்தாலும் 2022க்கு முந்துனதா தேதி பாத்து எடுத்து வைங்க. டிராஃப்ட் அனெக்ஸர் லிஸ்ட் (யாருக்கு தகுதி இருக்குன்னு போடுற முதல் பட்டியல்) ஒட்டும்போது ரெண்டு பேர் பேரும் தனித்தனியா இருக்கான்னு பாத்து, இல்லனா குடுத்த டைமுக்குள்ள அப்பீல் போடுங்க. நோட்டரி பேப்பர் ரெஜிஸ்ட்ரேஷன் ஆகாது, அப்பா கையெழுத்து மட்டும் எங்கயும் போட்டுடாம பாத்துக்கோங்க, ஒரிஜினல் பேப்பர் எதையும் அந்த ஏஜென்ட் கைல குடுக்காதீங்க.