காசு கட்ட முதல், கையெழுத்து வைக்க முதல்: மனசை எப்படி இருத்துகிறீர்கள்?

தம்பலகாமத்திலிருந்து:

முடிவு கேட்டுத் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரமாகப் பார்த்துத்தான் போகிறார்கள். சனம் நெரிசல், அருச்சனை வரிசை, மனம் ஆற இடமில்லை. கிழமை நாளில் விடியற்காலை போங்கள். கோட்டை வாசலோடு வாகனத்தை விட்டுவிட்டு, மான்கள் மேய்கிற அந்த ஏற்றத்தை நடந்தே ஏறுங்கள். மேலே போய்ச் சேரும்போது மூச்சு வாங்கும், மண்டைக்குள் ஓடிய கதை பாதி நின்றிருக்கும்.

கும்பிட்டு முடிந்ததும் கடல் இரைச்சல் கேட்கிற பக்கமாக இருங்கள். திருமூலர் சொன்ன மூச்சுக் கணக்கு 16 மாத்திரை (நேர அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது. குரு இல்லாமல் முதல் நாளே அதைப் பிடித்தால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், மறுநாள் இருக்கவே மனம் வராது. 4 எண்ணி இழுங்கள், அடக்க வேண்டாம், 8 எண்ணி விடுங்கள். 20 தரம் செய்தால் 4 நிமிடம். அது போதும்.

கேள்வியை முதல் நாள் இரவே கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். பலர் பிழை விடுவது இங்கேதான். “கட்டாருக்குப் போகவா?” என்பது கேள்வியே இல்லை, அதற்குள் நாலு கேள்வி கிடக்கிறது. கடன் எவ்வளவு, பிள்ளைகளை யார் பார்ப்பது, வயது போன அம்மாவுக்கு யார் துணை, போக விருப்பமா அல்லது ஊரிலிருந்து தப்பி ஓட விருப்பமா. ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். பதில் தேட வேண்டாம். அதை நினைத்ததும் நெஞ்சு இறுகுகிறதா, இளகுகிறதா என்று பார்த்து, திகதி போட்டு ஒரு வரி எழுதுங்கள்.

நல்லூரில் செல்லப்பா சுவாமி தன் சீடர் யோகர் சுவாமிக்குச் சொன்ன நாலு வாக்கியத்தில் “எப்பவோ முடிந்த காரியம்” என்பதைச் சிலர் சாட்டாகப் பிடித்துக்கொண்டு கைகட்டி இருந்துவிடுகிறார்கள். முடிவெடுக்கிற நேரம் துணைக்கு வருவது “நாம் அறியோம்”தான். அதைச் சொல்லித் தொடங்கினால், ஏற்கெனவே முடிவு கட்டி வைத்திருக்கிற மனம் கொஞ்சம் விலகி நிற்கும்.

பூக்கட்டிப் பார்க்கிறவர்களுக்கும் (இரண்டு நிறப் பூவைப் பொட்டலமாகக் கட்டி, ஒன்றை எடுத்து முடிவு கேட்பவர்களுக்கு) ஒன்று: விரும்பிய நிறம் வரும் மட்டும் மூன்று தரம் எடுக்காதீர்கள். முதல் தரம் எடுத்ததும் முகம் வாடியதல்லவா? ஏன் வாடியது என்பதை எழுதுங்கள்.

கிண்ணியாவிலிருந்து:

பூ விஷயத்தில் அண்ணன் சொன்னது எங்கள் பக்கமும் உண்டு. இஸ்திகாரா, அதாவது ஒரு காரியத்தில் நல்லதைத் தரும்படி அல்லாஹ்விடம் கேட்கிற தொழுகை, அதைத் தொழுதுவிட்டுக் கனவுக்குக் காத்திருப்பது. கனவில் பச்சையோ வெள்ளையோ தெரிய வேண்டும் என்று ஹதீஸில் (நபிமொழியில்) இல்லை. பர்ளு (கடமைத் தொழுகை) அல்லாத 2 றக்அத் (தொழுகைச் சுற்று), அதன் பிறகு துஆ (வேண்டுதல்), அவ்வளவுதான். சுபஹு (அதிகாலைத் தொழுகை)க்குப் பிறகு சூரியன் ஏறும் வரைக்கும், அஸர் (பின்னேரத் தொழுகை)க்குப் பிறகு மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழுவது) வரைக்கும் தவிருங்கள். துஆவில் “இந்தக் காரியம்” என்று வரும் இடத்தில் உங்கள் காரியத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் பாடமாக ஓதிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

கருத்து விளங்கி ஓதுங்கள். நல்லதென்றால் இலேசாக்கித் தா, கெட்டதென்றால் அதை என்னைவிட்டும் என்னை அதைவிட்டும் திருப்பு, நன்மை எங்கிருந்தாலும் அதில் என்னைத் திருப்திப்படுத்து என்கிறது அது. கடைசித் துண்டுதான் மிகக் கஷ்டம். உள்ளத்தில் ஒரு பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது. ஓதியபின் விஷயம் தெரிந்தவரிடம் மஷூறா (ஆலோசனை) செய்து, காலை எடுத்து வையுங்கள். கதவு அடைபட்டால் அதுவும் பதில்தான். ஹராமான காரியத்துக்கு இஸ்திகாரா இல்லை, வட்டிக் கடன் எடுக்கவா என்று கேட்டுத் தொழ வேண்டாம்.

பாலையூற்றிலிருந்து:

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் சொன்ன ஒரு விதியைச் சேர்க்கிறேன்: மனம் வரண்டு சோர்ந்திருக்கும் நாளில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. 1521இல் ஸ்பெயினின் பம்ப்லோனாச் சண்டையில் கால் முறிந்து, பிறகு வீட்டில் படுக்கையில் கிடந்தபோது அவர் கவனித்தது இது: வீரதீரக் கனவுகள் இனித்துவிட்டு வெறுமையை விட்டுப்போயின, புனிதர்களைப் பற்றிய நினைவு போனபின்பும் மகிழ்ச்சி தங்கியது. ஆகவே நினைக்கும்போது வருகிற சந்தோஷத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள், ஒரு மணித்தியாலம் கழித்து மிஞ்சுவதைப் பாருங்கள். தம்பலகாமத்து அண்ணை சொன்ன கொப்பியில் இதற்கு இன்னொரு வரி விடலாம். இரவுச் செபத்துக்குப் பிறகு அதை எழுதுங்கள், வீட்டில் சண்டை நடந்த நாளென்றால் பக்கத்தில் “சண்டை” என்றும் குறித்து வையுங்கள். பிறகு வாசிக்கும்போது எந்த வரியை நம்புவது என்று தெரியும்.