1935 படமா, 1941 படமா? ஓநாய் மனிதனைத் திரையிட ஆலோசனை தேவை

கேள்வி:
வணக்கம். தோ பாயோவில் சமூக மன்றம் ஒன்றில் இளையர்களுக்காகப் பழைய திகில் படம் ஒன்றைத் திரையிட இருக்கிறோம். யுனிவர்சல் நிறுவனத்தின் ‘வேர்வுல்ஃப் ஆஃப் லண்டன்’ (1935), ‘தி வுல்ஃப் மேன்’ (1941) ஆகிய இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

மறுமொழி 1:
தயக்கமின்றி 1941 படம்தான், ஐயா. லோன் சேனி ஜூனியர் ஏற்ற லாரி டால்பட், ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய் ஓநாயிடம் கடிபட்டு, ஓநாய் மனிதனாக மாறுபவன். குற்றமற்ற அவன் தன்னைக் கண்டே அஞ்சுவதும், இறுதியில் பெற்ற தந்தையே மகன் என்றறியாமல் வெள்ளிப்பிடி போட்ட கைத்தடியால் அவனை அடித்துக் கொல்வதும் நெஞ்சை உலுக்கிவிடும்.

மறுமொழி 2:
1935 படத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. முழுநிலவில் உருமாறுவது அதில்தான் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. தூண்களைக் கடந்து நடக்கும் நாயகன் ஹென்றி ஹல்லின் முகம், ஒவ்வொரு தூணின் மறைவிலிருந்து வெளிப்படும்போதும் சிறிது சிறிதாக மாறியிருக்கும் காட்சி இன்றும் வியப்பளிக்கிறது; 1941 படத்தின் முதல் உருமாற்றத்திலோ கால்களையே பெரிதும் காண்கிறோம். இரண்டுக்கும் ஒப்பனை ஜாக் பியர்ஸ் என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பதே தனிச் சுவை.

மறுமொழி 3:
இரண்டும் 80 நிமிடங்களுக்குள் முடிபவை. ஒரே மாலையில் அடுத்தடுத்துத் திரையிடுங்கள். 1935 படம் முதலில் வரட்டும்.