புதுப்பிப்பு: எல்விஎம் ஸ்னாப்ஷாட்டைப் புதிய சர்வருக்கு மாற்றியது

தை செங் சர்வரின் எல்விஎம் (லினக்ஸில் வன்தட்டு இடத்தை ‘வால்யூம்’ என்னும் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் முறை) ஸ்னாப்ஷாட்டை, அதாவது ஒரு வால்யூமின் குறிப்பிட்ட நேர நிலையைக் காட்டும் நகலை, மட்டும் ஜூரோங் சர்வருக்குக் கொண்டுபோக முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேலை நல்லபடியாக முடிந்தது. சாதாரண ஸ்னாப்ஷாட், மாறிய பகுதிகளின் பழைய வடிவத்தை மட்டுமே வைத்துக்கொண்டு மீதியை மூல வால்யூமிலிருந்து படிப்பதால், அதன் சேமிப்பிடத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பயனில்லை. ஆகவே, அன்மவுன்ட் செய்து (கோப்பமைப்பின் இணைப்பை நீக்கி), வால்யூம் குரூப்பை (வால்யூம்கள் அமைந்த வன்தட்டுகளின் தொகுப்பை) செயலிழக்கச் செய்து, அதை வெளியே கொண்டுபோகத் தயாராக்கும் ‘விஜிஎக்ஸ்போர்ட்’ கட்டளையைக் கொடுத்தபின், அதன் வன்தட்டுகள் அனைத்தையும் சேர்த்தே மாற்றினோம். அங்கே அதை ஏற்கும் ‘விஜிஇம்போர்ட்’, பிறகு செயல்படுத்தும் ‘விஜிசேஞ்ச்’ கொடுத்ததும் மூல வால்யூமும் ஸ்னாப்ஷாட்டும் ஒன்றாகவே செயலுக்கு வந்தன.

கோப்பமைப்பு எக்ஸ்எஃப்எஸ் என்றால், மூல வால்யூம் மவுன்ட் ஆகியிருக்கும்போது ஸ்னாப்ஷாட்டை மவுன்ட் செய்ய, இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதைப் பொருட்படுத்தாத ‘நோயுயுஐடி’ என்னும் தெரிவு வேண்டும். மாற்றுவதற்கு முன்பு ‘எல்விஎஸ்’ (வால்யூம்களைப் பட்டியலிடும் கட்டளை) காட்டும் ஸ்னாப்ஷாட்டின் நிரம்பிய அளவைத் தயவுசெய்து பாருங்கள். 100 விழுக்காட்டை எட்டிய ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், அதை மீட்க முடியாது.