நண்டுக் கூடுகளுக்கு மட்டும் ஏன் தடை? கலிபோர்னியாவின் பொழுதுபோக்கு நண்டுப் பருவம்

அலைவாய்:
கலிபோர்னியாவில் டன்ஜனெஸ் என்னும் உணவு நண்டை விற்பனைக்கன்றிப் பிடிப்போருக்கான பொழுதுபோக்குப் பருவம் நவம்பர் மாதத்தின் முதல் சனிக்கிழமை தொடங்கும் என்பது விதி. ஆனால் 2021 முதல் சான் பிரான்சிஸ்கோ, ஹாஃப் மூன் பே, மான்டரே கடற்பகுதிகளில் திமிங்கலங்கள் இன்னும் விலகவில்லை என்று கூறி, அந்நாளில் கூடு (இரை வைத்துக் கடலடியில் விட்டுவைக்கும் நண்டுப் பொறி) இறக்க மாநில மீன், வனவிலங்குத் துறை பல ஆண்டுகள் தடை விதித்துள்ளது. அப்போது வளைய வலைக்கும் கண்ணிக்கும் மட்டுமே அனுமதி. தடையில்லாத நாளிலும் பொழுதுபோக்குக்காகப் பிடிக்கும் எங்களில் ஒருவர் 10 கூடுகளுக்கு மேல் இறக்க முடியாது. வணிகப் படகுகளோ உரிமத்தைப் பொறுத்து 175 முதல் 500 கூடுகள் வரை இறக்குகின்றன. ஒரு நாளைக்கு 10 நண்டுகளை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்பவரையும் அவர்களையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது.

நெய்தல்:
நண்பர் அலைவாய் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார். இந்த விதிகள் பிறந்த காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2014 முதல் 2016 வரை பசிபிக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியபோது, குளிர்ந்த நீர் கரையை ஒட்டிய குறுகிய பட்டையாக ஒடுங்கியது; நெத்திலி மீன்கள் அங்கே திரண்டன, அவற்றைத் தேடிக் கூன்முதுகுத் திமிங்கலங்களும் நண்டுக் கூடுகள் கிடக்கும் ஆழத்துக்கே வந்தன. அதே காலத்தில் கடல் நுண்பாசிகளின் நஞ்சான டொமோயிக் அமிலம் நண்டுகளில் ஏறியதால், 2015 நவம்பரில் தொடங்க வேண்டிய வணிகப் பருவம் 2016 மார்ச் இறுதிக்குத் தள்ளிப்போனது. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் திமிங்கலங்கள் திரும்பும் வசந்தத்தில் கயிறுகளும் கடலில் நின்றன. அமெரிக்க மேற்குக் கரையில் 2015, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 திமிங்கலங்கள் சிக்கியது பதிவாயிற்று. உயிரியல் பன்மைக்கான மையம் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, துறையின் மீது 2017இல் வழக்குத் தொடுத்தது. 2019இல் உடன்பாடு ஏற்பட்டது. 2020 நவம்பரில், திமிங்கலங்கள் சிக்கும் ஆபத்தை அளந்து முடிவெடுக்கும் இடர் மதிப்பீட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

கூடு கடலடியில் கிடக்கிறது. அதிலிருந்து மிதவை வரை நிற்கும் செங்குத்துக் கயிறுதான் திமிங்கலத்தின் துடுப்பிலும் வாயிலும் சுற்றிக்கொள்கிறது. ஒரு கூட்டை 9 நாட்கள் வரை எடுக்காமல் விட்டுவைக்க நம் விதியே இடம் தருகிறது. வளைய வலையையோ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்கியாக வேண்டும். ஆளில்லாமல் நிற்கும் கயிற்றுக்கும் ஆள் காவலிருக்கும் கயிற்றுக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் தடையின் நியாயம் இருக்கிறது.

அலைவாய்:
வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கயிறுகளில் பெரும்பங்கு எங்களுடையது என்று யாரும் நிறுவவில்லை. மேலும், நவம்பர் அலைகளில் சிறு படகை நிறுத்திவைத்து, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வலையைத் தூக்குவது எளிதன்று, ஆபத்தும் உண்டு. கூடு என்றால் இறக்கிவிட்டுத் துறைமுகம் திரும்பி, கடல் அமைதியான நாளில் போய் எடுக்கலாம். மனித உயிருக்கான இந்தக் கணக்கும் மதிப்பீட்டில் சேர வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கரைவாசி:
வளைய வலையில் இன்னொரு நன்மை உண்டு. ஓட்டின் அகலம் 5¾ அங்குலத்துக்குக் குறைந்த நண்டுகள் உடனே உயிரோடு கடலுக்குத் திரும்புகின்றன. கயிறறுந்து தொலைந்த கூடோ, அதன் திறப்பைக் கட்டிய பருத்தி நூல் மட்கி வழி திறக்கும்வரை யாருக்கும் பயனின்றி நண்டுகளைக் கொன்றுகொண்டே இருக்கும். பசிபிக்கா ஊரின் மீன்பிடிப் பாலத்தில் நிற்கும் எங்களுக்கு வலையே போதுமானதாக இருக்கிறது. ஆனால் பாலத்தில் நின்றுகொண்டு படகுக்காரரின் சிரமத்தை அளப்பதும் சரியாகாது.

நெய்தல்:
படகின் ஆபத்தை நானும் ஏற்கிறேன். கடல் கொந்தளிக்கும் நாளில் போகாமலிருப்பதே அதற்கு விடை. பெரும்பங்கு யாருடையது என்ற கேள்வியில்தான் நாம் முரண்படுகிறோம். சிக்கிய திமிங்கலங்களில் ஏறத்தாழ பாதியின் மீதிருந்த கயிறுகள் எந்தத் தொழிலைச் சேர்ந்தவை என்றே அடையாளம் காணப்படவில்லை. அடையாளம் தெரியாததை நமக்குச் சாதகமான சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. மிதவையில் நம் அடையாள எண்ணைப் பொறிக்க வேண்டும் என்ற விதியை ஒவ்வொருவரும் கடைப்பிடித்தால்தான், நம் பங்கு சிறியது என்று நாளை நிறுவ முடியும்.

அலைவாய்:
அடையாள எண் பற்றிய கருத்தை முழுமையாக ஏற்கிறேன். என் எஞ்சிய குறை அறிவிப்பின் காலத்தைப் பற்றியது. விடுப்பு எடுத்து, படகைச் சரிபார்த்து, இரை வாங்கிய பிறகு, தொடக்க நாளுக்குச் சற்று முன்புதான் தடை தெரியவருகிறது.

நெய்தல்:
அக்டோபர் இறுதிவரை திமிங்கலங்களை வானிலிருந்து எண்ணிப் பார்த்தால்தான் முடிவெடுக்க இயலும். ஒரு மீன்பிடி மண்டலத்தில் 20 கூன்முதுகுத் திமிங்கலங்கள், அல்லது ஒரு வாரச் சராசரியாக 5, தென்பட்டால் நடவடிக்கை என்பது 2020 விதிகளின் அளவுகோல். செப்டம்பரிலேயே அறிவிக்கச் சொன்னால், துறை எச்சரிக்கையாகத் தடையைத்தான் அறிவிக்கும்; நெத்திலி முன்கூட்டியே நகர்ந்து திமிங்கலங்கள் தெற்கே போய்விட்ட ஆண்டிலும் நீங்கள் கூடு இறக்க முடியாமல் போகும்.