கோபி ஷீட் பாஸ், வால்வைக் காணோம்: ஒப்படைப்பு மாடல் அனுபவங்கள்

துபாய்_மெக்கானிக்
எட்டு மாசம் ஆச்சு, அந்த ராத்திரி இன்னும் உறுத்துது. 14வது மாடி காரிடார்ல ஏசிக்குக் குளிர்ந்த தண்ணி போற சில்டு வாட்டர் லைன் ஒழுகுது. கட்டடம் முடிச்சு ஒப்படைச்சப்போ கொடுத்த 3டி மாடலை டேப்லெட்ல திறந்தா, தண்ணியை அடைக்கிற ஐசொலேஷன் வால்வு பளிச்னு தெரியுது, லிஃப்ட் லாபி சீலிங்குக்கு மேலே. ஏணி போட்டு டைலைத் தூக்கினேன். டக்ட் மட்டும்தான். கீழே இருந்த பையன் "அடுத்த டைல் பாருங்கண்ணே"ன்னு சொல்லச் சொல்ல 11 டைல் கழட்டினோம், சட்டைக்குள்ள தண்ணி இறங்குது. கடைசியில பிளான்ட் ரூம் போய், எல்லா மாடிக்கும் ஏறுற மெயின் பைப்பான ரைசரையே அடைச்சோம். விடிஞ்சதும் பார்த்தா வால்வு பைப் ஷாஃப்ட் கதவுக்குள்ள. சைட்ல மாத்திட்டாங்க, மாடல்ல மாத்தலை. ஒப்படைப்பு ரிப்போர்ட்ல கிளாஷ், அதாவது மாடல்ல ஒண்ணோடொண்ணு இடிக்கிற இடம், ஜீரோ! இல்லாத வால்வு எதோட இடிக்கும்?

பெருங்குடி_மாடலர்
மாடல் போட்டவனைத் திட்டாதீங்க தலைவரே. சென்னையில உட்கார்ந்துகிட்டு உங்க ஷாஃப்டை நான் எப்படிப் பார்க்க? சைட்ல சிவப்பு மையில திருத்தின டிராயிங் வரணும். எங்களுக்கு வந்தது மங்கலான ஸ்கேன், அதுவும் பாதி மாடிக்கு.
என் பாவமும் ஒண்ணு உண்டு. ஒப்படைப்புக்கு முந்தின நாள், மாடலோட கொடுக்கற கருவி விவரப் பட்டியலான கோபி ஷீட்ல 600க்கு மேல சீரியல் நம்பர் காலி. "என்/ஏ போட்டு இழுத்து விடுப்பா"ன்னாரு லீட். எக்செல் மூலையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. எங்க செக்கர் சாஃப்ட்வேர் கட்டம் காலியா இல்லையான்னு மட்டும்தான் பார்க்கும். பாஸ்.

சிங்கை_ரவுண்ட்ஸ்
அந்த இழுப்புக்கு வாரண்டி கேட்டு நாங்கதான் அலையறோம் தம்பி. இங்கே ஒரு கிளினிக், மாடல்ல ஆர்க்கிடெக்ட் போட்ட ரூம் நம்பர் 3-042, கதவுல 3-17. ரெண்டு வாரம் கதவு கதவா நடந்து எழுதினேன். ஃபிசியோவுக்கு வர்ற பாட்டி ஒருத்தங்க மூணாவது நாளும் "இன்னும் கிடைக்கலையா?"ன்னு கேட்டாங்க.

பழைய_கை
எனக்கும் தீ பரவாம டக்டை மூடற ஃபயர் டேம்பர்ல இதே கதை, விடுங்க. மூணு பேரும் கடைசி நாள் சோதனையைப் பத்தியே பேசறீங்க. கட்டடத்தை நடத்தற காலத்துக்கான தகவல் மேலாண்மைத் தரநிலை, ஐஎஸ்ஓ 19650-3, வந்தது 2020ல. கட்டடத்தை நடத்தறவன் தனக்கு என்ன தகவல் வேணும்னு முதல்லயே எழுதித் தரணும்கறது அதுல இருக்கு. அதை மெஷின் படிக்கற தேவைப் பட்டியலான ஐடிஎஸ் ஃபைலாக் கொடுத்தா, எந்த சாஃப்ட்வேரும் படிக்கற பொது வடிவமான ஐஎஃப்சி மாடல்ல எந்தப் பொருளுக்கு எந்தப் பண்பு இல்லைன்னு மெஷினே சொல்லிடும். ஐஎஃப்சியை நடத்தற பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு 2024லயே அதைத் தரநிலையா ஏத்துக்கிச்சு. ஆனா வால்வு நிஜமா அங்கே இருக்கான்னு எந்த மெஷினும் சொல்லாது. சீலிங் மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. வால்வு, டேம்பர்னு அவசரத்துக்குத் தேவைப்படறதை மட்டும் 40 பொறுக்கி எடுத்து, மாடலைக் கையில வெச்சு நடங்க. அப்புறம் ஜியூஐடி, மாடல்ல ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கற அடையாள எண். மாடலர் ஒரு பம்பை அழிச்சுட்டுப் புதுசாப் போட்டா அடையாள எண்ணும் புதுசு, பராமரிப்பு சாஃப்ட்வேர்ல பழைய பம்ப் அநாதையா நிக்கும். இன்னொண்ணு...

துபாய்_மெக்கானிக்
ஐயா, நான் ஆலோசனை கேட்கவே இல்லையே. ஷாஃப்ட் கதவுல வால்வு நம்பரை எழுதி ஒட்டிட்டோம். மாடல்ல அது இன்னும் லிஃப்ட் லாபியிலதான் இருக்கு.