நூறு டிகிரி ஊரில் யாருக்கு எந்தப் பிராணி? வேலூர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

சத்துவாச்சாரி அம்மா:

நாய் பிடிக்குமா, பூனை பிடிக்குமா என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். நம்ம ஊரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த வெயிலை அது தாங்குமா? கத்திரியில் 105 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. நமக்கே தாங்காதபோது வாயில்லா ஜீவன் என்ன செய்யும்?

எனக்குப் பிடித்தது நாட்டு நாய். எங்கள் மணி தெருவில் பிறந்தவன். செம்பட்டை நிறம், நீள மூக்கு, குட்டை ரோமம். சித்திரை மாதத்தில் பதினோரு மணிக்கு மேல் அவன் எங்கே என்று தேடவே வேண்டாம். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தண்ணீர் போகும் இடத்தில் முன்னங்காலால் பள்ளம் பறித்து, ஈர மண்ணில் வயிறு படும்படி பின்னங்கால்களைப் பரப்பிக்கொண்டு கிடப்பான். மாலையில் எழுந்து உதறினால் சுவரெல்லாம் சேறு. அதைக் கழுவுவதில் எனக்குச் சலிப்பு வந்ததே இல்லை.

நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வேர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். மூக்கு சப்பையாக இருக்கும் பக் ஜாதிக்கு மூச்சு வாங்குவதே பாடு. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு ஹஸ்கி இருக்கிறது. பனிப் பிரதேசத்துக்கான இரட்டை ரோமம் அதற்கு. அந்த வீட்டார் அதை உயிராகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், பகல் முழுக்க ஏசி ஓடுகிறது. ஆனால் மதியம் கரண்ட் போனால் அது படும் பாட்டைப் பார்க்க எனக்கு மனசு வராது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாயை நடத்திப் போகும் முன் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில விநாடிகள்கூட வைக்க முடியவில்லையென்றால் அதன் பாதமும் வெந்துபோகும். கோடையில் நான் விடியற்காலையிலேயே மணியைக் கூட்டிப் போய் வந்துவிடுவேன்.

உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஏன் அது பிடிக்கும்? எழுதுங்கள்.

சைதாப்பேட்டை பூனைக்காரி:

(வேலூர் சைதாப்பேட்டைதான், சென்னை இல்லை.)

அக்கா, எங்களுடையது மாடி வீடு. நாய்க்கு இடமில்லாததால் பூனை வளர்க்கிறோம் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பெரிய தோட்டம் இருந்தாலும் நான் பூனைதான் வளர்ப்பேன். நானிமா, அதாவது அம்மாவின் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பூனை உண்டு. பூனை வாய் வைத்த தண்ணீர் அசுத்தமில்லை என்று மார்க்கத்தில் இருப்பதால் பெரியவர்களும் தடை சொன்னதில்லை.

நோன்பு மாதத்தில் விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தால், அந்தச் சத்தத்துக்கே எங்கள் பூனை மோத்தி வந்து சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்துவிடும். உள்ளே வராது. வாலைச் சுற்றி முன்னங்கால் மேல் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியிருக்கும். தட்டு வைக்கும் ஓசை வந்தால் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். வீடு முழுக்கத் தூங்கும் நேரத்தில் எனக்கு அதுதான் துணை. கூப்பிட்டால் வராது. அதற்குத் தோன்றினால் வந்து மடியில் படுக்கும். யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாக வருகிறதே, எனக்கு அது போதும்.

வெயில் பற்றிக் கேட்டீர்கள். பூனை பொதுவாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அதனால் சிறுநீர்க் கோளாறு சீக்கிரம் வந்துவிடும். நான் ஒரே கிண்ணம் வைப்பதில்லை. ஹால், பால்கனி, படிக்கட்டு என்று பல இடத்தில் வைக்கிறேன், போகிற வழியில் குடித்துக்கொள்ளும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றைக் கெடுக்கும். காய்ச்சல் என்று நாம் போடும் பாராசிட்டமாலைத் தயவுசெய்து பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதன் உடம்பு அதைச் செரிக்காது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

குடியாத்தம் தறி:

எங்கள் வீட்டில் கீழே தறி, மாடியில் புறா. லுங்கி நெய்கிற வீடு, விடிந்தால் சத்தம்தான். நாய் வளர்த்தால் அது குரைத்துக்கொண்டே இருக்கும். புறாக்கள் தறிச் சத்தத்தைக் கண்டுகொள்வதே இல்லை.

எனக்குக் கர்ணப்புறா மேல்தான் பைத்தியம். பறந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். அடித்துவிட்டு இறக்கையை 'பட்டபட்ட'வென்று தட்டும். கீழே தறியில் உட்கார்ந்திருந்தாலும் அந்தத் தட்டை வைத்தே எது அடித்தது என்று சொல்லிவிடுவேன். நண்பர்கள் ஹோமர் வளர்க்கிறார்கள், அது பந்தயத்துக்கு. தூரத்தில் கொண்டுபோய் விட்டால் வீடு தேடி வரும். எனக்குப் பந்தயத்தில் ஆசையில்லை, கண்ணெதிரே ஆடுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

புறாவிடம் எனக்குப் பிடித்த குணம், சோடி இரண்டும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வது. இரண்டு முட்டை இடும். 17, 18 நாள் அடை. பகலில் பெரும்பாலும் ஆண் உட்காரும், மாலையிலிருந்து காலை வரை பெண். குஞ்சு வெளியே வந்ததும் தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் ஊறும் பாலைக் கக்கி ஊட்டும். தகப்பனும் பால் கொடுக்கும் ஜீவன் வேறு எத்தனை இருக்கிறது?

ஒரே பயம் வல்லூறு. ஆகாயத்தில் அது தெரிந்தால் அன்றைக்குக் கூண்டைத் திறக்கமாட்டேன். வெயில் காலத்தில் மேலே தென்னங்கீற்று வேய்ந்து, குளிக்க ஒரு அகலத் தட்டில் தண்ணீர் வைத்துவிட்டால் போதும். கூண்டு சுத்தம் செய்யும்போது முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். எச்சத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வயதானவர்கள், ஆஸ்துமா இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் புறா வேண்டாம் என்றே சொல்வேன்.

காட்பாடி ஜங்ஷன்:

பறவை என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் மாமனார் பச்சைக்கிளி வளர்த்தவர். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே 'யாரு?' என்று கேட்கும். பல பேருக்கு இன்னும் தெரிவதில்லை, நம்ம நாட்டுக் கிளி எதையும் வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அது. நட்சத்திர ஆமைக்கும் இதேதான், அதிர்ஷ்டம் என்று வாங்கி வைப்பவர்கள் கவனிக்கவும். விஷயம் தெரிந்ததும் மாமனாரே கிளியை வனத்துறையிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது வீட்டில் லவ் பேர்ட்ஸ் என்று கடையில் விற்கிறார்களே, அந்த ஆஸ்திரேலியக் குருவிகள்தான். சட்டச் சிக்கல் கிடையாது. தினையும் மல்லித்தழையும் கொடுக்கிறோம். மாமனார் அவற்றுக்கும் பேச்சு சொல்லித் தந்துகொண்டிருக்கிறார்.

அணைக்கட்டு மருமகள்:

எல்லாரும் வீட்டுக்குள் வளர்ப்பதைச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் செல்லம் என்றால் காளைதான்.

காளை என்றதும் வெளியூர்க்காரர்கள் அலங்காநல்லூரை நினைத்துக்கொள்வார்கள். நம்ம வடாற்காட்டுப் பக்கத்து எருது விடும் விழா வேறு. இங்கே திமிலைப் பிடித்துத் தொங்குவது கிடையாது. தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, ஒவ்வொரு காளையாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் ஓடிக் கடக்கிறது என்பதுதான் கணக்கு. தை பிறந்ததும் ஆரம்பித்து ஊர் ஊராக நடக்கும்.

2014-ல் உச்ச நீதிமன்றத் தடை வந்தபோது, விழா இல்லாமல் காளைக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகுமா என்று பலர் பொய்கை சந்தைக்கு ஓட்டிப்போனார்கள். எங்கள் மாமியார் கயிற்றை அவிழ்க்கவே விடவில்லை. "ஓடினாத்தான் புள்ளையா? சும்மா நின்னா புள்ளை இல்லையா?" என்று கேட்டுவிட்டார். 2017-ல் சட்டம் திருத்தினார்கள், அதில் எருது விடும் விழாவின் பெயரும் இருக்கிறது. 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தக் காளை வயதாகி எங்கள் கொட்டகையிலேயே செத்தது. கொல்லையில் புதைத்து, மேலே வேப்பங்கன்று நட்டிருக்கிறோம்.

இப்போது இருப்பது ஒரு செவலை. பொய்கை செவ்வாய்க்கிழமைச் சந்தையில் கன்றாக வாங்கியது. விழாவன்று கயிறு பிடித்துக்கொண்டு போட்டோவில் நிற்பது ஆண்கள். மற்ற நாளெல்லாம் அதைப் பார்ப்பது நானும் மாமியாரும். கொள்ளை ஊறவைத்து அரைத்து, பருத்திக்கொட்டை, தவிடு சேர்த்துக் காலையில் ஒரு தடவை. அறுவடை முடிந்தால் வேர்க்கடலைக் கொடி, அது கிடைத்தால் வைக்கோலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தீனித் தொட்டியைக் கழுவும்போது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நக்கும். நாக்கு உப்புத்தாள்தான், தோல் சிவந்துபோகும். ஆனாலும் கையை இழுக்கத் தோன்றாது. வெளி ஆள் கொட்டகைக்குள் வந்தால் தலையைத் தாழ்த்தி மூச்சு விடும். நான் "டேய்" என்றால் நிமிர்ந்துவிடும்.

சத்துவாச்சாரி அம்மா கேட்ட வெயில் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி இல்லை. நாட்டு மாட்டுக்கு நன்றாக வேர்க்கும். கழுத்துக்குக் கீழே தொங்குகிறதே அலைதாடி, அந்தத் தோல் மடிப்பும் சூட்டைக் கடத்திவிடும். சீமை மாடு வாயில் நுரை தள்ளி நிற்கும் வெயிலில் இது நிழலில் நின்று நிம்மதியாக அசைபோடும்.

விழாவில் வாலை முறுக்குவது, குச்சியால் குத்துவது, இதெல்லாம் எனக்கு ஆகவே ஆகாது. விதியிலும் அதற்கு இடமில்லை. எங்கள் காளையை அப்படித் தொட்ட ஊருக்கு மறுபடி நாங்கள் போனதில்லை.

ராணிப்பேட்டை:

எங்களுக்கு மீன். சிமெண்ட் தொட்டியில் கப்பி. எங்கள் பக்கம் போர் தண்ணீர் கடினமான தண்ணீர். மென்மையான தண்ணீர் கேட்கும் டெட்ரா வகையெல்லாம் இதில் சரிப்படாது. கப்பிக்கு இந்தத் தண்ணீரே பிடிக்கும், குட்டி போட்டுப் பெருகிக்கொண்டே இருக்கும். கொசுப்புழுவையும் தின்றுவிடும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் பிடித்துவைத்து ஊற்றுங்கள். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். தொட்டியை மர நிழலுக்கு நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எனக்குப் பேசுகிற, குதிக்கிற பிராணி வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து வந்து சும்மா உட்கார்ந்து பார்க்க இது போதும்.

காந்தி ரோடு லாட்ஜ்:

எனக்கென்று எந்தப் பிராணியும் இல்லை. லாட்ஜில் வேலை. எங்கள் சந்தில் ஒரு நாய் இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும்.

சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்காக மேற்கு வங்காளத்திலிருந்து வரும் குடும்பங்கள்தான் எங்களிடம் அதிகம் தங்குவார்கள். சிலர் மாதக்கணக்கில். அறையிலேயே சமையல், அதில் மீன் இல்லாத நாள் குறைவு. மிச்சம் முழுக்க இந்த நாய்க்குத்தான். நாம் 'தோ தோ' என்றாலும் வரும், அவர்கள் 'ஆய் ஆய்' என்றாலும் வரும். போன வருடம் ஒரு சிறுவன் சிகிச்சைக்காக ரொம்ப நாள் தங்கியிருந்தான். மருந்து ஏற்றி வந்த நாளில் எதையும் தொடமாட்டான். அவன் அம்மா ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்து, பாதியை நாய்க்குப் போடச் சொல்லி அவன் கையில் கொடுப்பார். நாய் தின்பதைப் பார்த்துக்கொண்டே மீதிப் பாதியை அவன் வாயில் வைத்துக்கொள்வான்.

தெரு நாய் என்றால் பயப்படுகிறவர்களுக்கு: எங்கள் நாய்க்கு நாங்களே காசு சேர்த்து வருடா வருடம் வெறிநோய் ஊசி போடுகிறோம். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், ஊசி இலவசம்தான்.

சத்துவாச்சாரி அம்மா:

லாட்ஜ் தம்பி, அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான்? தெரிந்தால் எழுதுங்கள்.

குடியாத்தம் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்கள் பதிவைப் படித்ததிலிருந்து என் சின்ன மகன் புறா வேண்டும் என்கிறான். மணி இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

காந்தி ரோடு லாட்ஜ்:

ஊருக்குப் போய்விட்டார்கள் அம்மா. பூஜைக்கு வாழ்த்துச் சொல்லி அவன் அப்பா போன் செய்தார். பள்ளிக்கூடம் போகிறானாம். நாயைத்தான் முதலில் விசாரித்தான்.

குடியாத்தம் தறி:

வைக்கலாம் அக்கா. கூண்டு தரையில் வேண்டாம், மாடிச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கட்டும், காலை வெயில் மட்டும் படுகிற பக்கமாக. முதலில் ஒரே ஒரு சோடி, அதுவும் இளசாக வாங்குங்கள். வளர்ந்த புறாவைத் திறந்துவிட்டால் பழைய வீட்டுக்கே போய்விடும். கம்பு, சோளம், கொஞ்சம் பச்சைப்பயறு, அப்புறம் சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் பொடி. ஒரு மாதம் போல கூண்டுக்குள்ளேயே இருந்து மாடியைப் பார்த்துப் பழகட்டும், பிறகு சாயங்காலம் பசியோடு இருக்கும்போது திறங்கள். தம்பியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கூட்டிக்கொண்டு வாருங்கள், புறாவை எப்படிப் பிடிப்பது என்று நானே காட்டுகிறேன்.